வானவில்லைப் பிடித்த கல் வீடு

குட்டீஸ், உங்கள் அறையின் ஜன்னலை இறுக்கிச் சாத்திப் பாருங்கள். பட்டப்பகலிலும் உள்ளே கும்மிருட்டாகிறதா? எதிர்ச்சுவர் வெள்ளை வெளேரென்று இருக்கிறதா? இரண்டுக்கும் 'ஆமாம்' என்றால் உங்கள் அறைக்குள்ளும் ஒரு ஆராய்ச்சிக்கூடம் ஒளிந்திருக்கிறது!

இங்கிலாந்தில் அப்படி ஒரு வீடு இருக்கிறது. அதைக் கட்டியவர்களுக்கு விஞ்ஞானம் எல்லாம் தெரியாது. ஆடு வளர்ப்பவர்கள். குளிர் உள்ளே வரக்கூடாது, மழை ஒழுகக்கூடாது, அவ்வளவுதான் அவர்களுடைய கவலை. ஆனால், அவர்கள் குளிருக்காகச் செய்த ஏற்பாடுகளே பிற்காலத்தில் வேறொரு வேலைக்கு உதவின. எப்படி என்று பார்ப்போமா?

லண்டனுக்கு வடக்கே சுமார் 160 கிலோமீட்டர் போனால் லிங்கன்ஷயர் பகுதி. அங்கே விதம் என்ற சிற்றாறு ஓடும் பள்ளத்தாக்கில் உல்ஸ்தார்ப் என்ற குட்டிக் கிராமம். புல்வெளிகளுக்கு நடுவே வெளிர் மஞ்சளும் சாம்பலும் கலந்த நிறத்தில் ஒரு கல் வீடு. பெயர் 'உல்ஸ்தார்ப் மேனர்'. மேனர் என்றதும் அரண்மனை, கோபுரம் என்று கற்பனை செய்துவிடாதீர்கள். பெயர்தான் பெரிது! கீழே ஒரு தளம், மேலே ஒரு மாடி, கூரைக்கு அடியில் பரண். கொஞ்சம் வசதியான ஒரு விவசாயியின் வீடு, அவ்வளவுதான். 1623-ல் ராபர்ட் நியூட்டன் என்பவர் இந்தப் பண்ணையை வாங்கினார். பெயரைக் கேட்டதும் உங்களுக்குப் புரிந்திருக்கும். ஆமாம், ஐசக் நியூட்டனின் தாத்தாதான் அவர்!

கடலுக்கடியில் பிறந்த சுவர்

அந்தக் காலத்தில் லாரி கிடையாது, ரயில் கிடையாது. வெகு தூரத்திலிருந்து கல்லை வண்டியில் ஏற்றி வந்தால், கல்லின் விலையைவிட வண்டிக்கூலி அதிகமாகிவிடும். எனவே, காலுக்கடியில் என்ன கிடைக்கிறதோ அதை வைத்துத்தான் வீடு கட்டுவார்கள். லிங்கன்ஷயரின் இந்தப் பக்கத்தில் கிடைப்பது சுண்ணாம்புக்கல்.

இந்தக் கல்லுக்கு வயது சுமார் 17 கோடி ஆண்டுகள். டைனோசர்கள் திரிந்த காலம்! அப்போது இந்த இடம் வெதுவெதுப்பான, ஆழம் குறைந்த கடலாக இருந்தது. கடலடியில் கிடந்த சின்னச் சின்னத் துகள்கள் அலையில் உருண்டுகொண்டே இருந்தன. உருள உருள அவற்றின் மேல் சுண்ணாம்பு படிந்தது. இப்படி உருவான கல்லை உற்றுப் பார்த்தால் மீன் சினையைக் கொட்டி அழுத்தி வைத்தது போலவே இருக்கும். நடுநடுவே பழைய சிப்பிகளும் தெரியும். குளிர் நாட்டில், கடற்கரையிலிருந்து தள்ளி நிற்கும் ஒரு வீட்டின் சுவரில் வெப்பக் கடல்! வேடிக்கைதான் இல்லையா?

இந்த மாதிரிக் கல் வீடுகளின் சுவர் உண்மையில் ஒரு சுவர் அல்ல, இரண்டு! வெளிப்பக்கம் ஒரு வரிசை, உள்பக்கம் ஒரு வரிசை. நடுவில் உள்ள இடைவெளியில் உடைந்த கல்லையும் சுண்ணாம்புக் காரையையும் போட்டு நிரப்பிவிடுவார்கள். அங்கங்கே ஒரு நீளக் கல்லைக் குறுக்கே வைத்து இரண்டு வரிசையையும் பிணைப்பார்கள். சுவர் அரை மீட்டருக்கு மேல் தடிமனாக இருக்கும். வெளியே பனி கொட்டினாலும் அடுப்பின் சூடு உள்ளேயே தங்கும்.

வீட்டின் மூலைகளைக் கவனித்தால் இன்னொரு விஷயம் தெரியும். சுவரின் மற்ற இடங்களில் சாதாரணக் கற்கள்தான். மூலையில் மட்டும் பெரிய பெரிய கற்களைச் சதுரமாகச் செதுக்கி, ஒன்று இந்தப் பக்கம் நீளமாக, அடுத்தது அந்தப் பக்கம் நீளமாக மாற்றி மாற்றி அடுக்கியிருப்பார்கள். கை விரல்களைக் கோர்த்துக்கொள்கிறோமே, அதுபோலத்தான். செதுக்குவதற்குக் கூலி அதிகம். அதனால் எந்த இடம் பலமாக இருக்க வேண்டுமோ அங்கே மட்டும் காசைச் செலவழித்தார்கள். கெட்டிக்கார விவசாயிகள்!

பனி உடைத்த ஓடு

எனக்கு ரொம்பப் பிடித்தது இந்த வட்டாரத்துக் கூரைகள்தான். தூரத்தில் இருந்து பார்த்தால் மண் ஓடு போலத் தெரியும். கிட்டே போனால் அதுவும் கல்! கல்லை எப்படி ஓடு மாதிரி மெல்லிதாக வெட்டினார்கள் என்று கேட்கிறீர்களா? அவர்கள் வெட்டவே இல்லை. குளிர்காலத்திடம் அந்த வேலையைக் கொடுத்துவிட்டார்கள்!

உல்ஸ்தார்ப்புக்குத் தெற்கே, ஸ்டாம்ஃபோர்டு நகரத்துக்குப் பக்கத்தில் கோலிவெஸ்டன் என்று ஒரு ஊர். அங்கே கிடைக்கும் சுண்ணாம்புக்கல்லுக்குள் நோட்டுப் புத்தகத்தின் பக்கங்கள் போல மெல்லிய அடுக்குகள் உண்டு. குளிர்காலத்தில் பெரிய பாறைத் துண்டுகளைச் சுரங்கத்திலிருந்து எடுத்து வந்து வெட்டவெளியில் பரப்பி வைப்பார்கள். அவை காய்ந்துவிடாமல் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருப்பார்கள். தண்ணீர் அடுக்குகளுக்கு நடுவே புகுந்துகொள்ளும். இரவில் உறைபனி. தண்ணீர் பனிக்கட்டியானால் பெரிதாகும் என்று படித்திருக்கிறீர்கள் அல்லவா? பனிக்கட்டி உள்ளிருந்து நெம்பும். பகலில் உருகும், இரவில் மறுபடி நெம்பும். இப்படிப் பல நாள் ஆனபிறகு சுத்தியலால் மெல்லத் தட்டினால் போதும், கல் தகடு தகடாகப் பிரிந்து வரும்.

அந்தத் தகட்டில் ஒரு ஓட்டை போட்டு, மர ஆணியைச் செருகி, கூரையின் ரீப்பர் கட்டைகளில் மாட்டுவார்கள். பெரிய ஓடுகள் கூரையின் கீழ் விளிம்பில், போகப் போகச் சின்னதாகி முகட்டில் மிகச் சின்ன ஓடுகள். பெரிய கனத்தைத் தாங்குவதற்குக் கீழே தடித்த சுவர் இருக்கிறதே!

பிற்காலத்தில் குளிர் முன்போலக் கடுமையாக இல்லாமல் போனதால் இந்தத் தொழிலே நலிந்துவிட்டது. இப்போது என்ன செய்கிறார்கள் தெரியுமா? கல்லைப் பெரிய ஃப்ரீஸர் அறைக்குள் வைத்து உறைய வைத்து, உருக வைத்து, ஓடு எடுக்கிறார்கள்!

கல்லுக்குப் புருவம்

சரி, உல்ஸ்தார்ப் வீட்டுக்கே வருவோம். மேலிருந்து பார்த்தால் வீடு ஆங்கில 'டி' எழுத்து வடிவில் இருக்கும். முன்பக்கம் இரண்டு அறைகள், பின்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் வால் பகுதியில் சமையலறை. மாடியில் படுக்கையறைகள். வாசல் கதவுக்கு மேலே ஒரு கல்லில் இரண்டு எலும்புகளைக் குறுக்காக வைத்துச் செதுக்கியிருக்கிறார்கள். பயந்துவிடாதீர்கள், கடல்கொள்ளையர் வீடு இல்லை. நியூட்டன் குடும்பத்தின் சின்னமே அதுதான்!

ஜன்னல்களில் மரச்சட்டத்துக்குப் பதிலாகக் கல் தூண்கள் நிற்கும். பெரிய கண்ணாடியைச் செய்வது அந்தக் காலத்தில் சிரமம், விலையும் எக்கச்சக்கம். அதனால் உள்ளங்கை அளவு கண்ணாடித் துண்டுகளை ஈயப் பட்டையால் இணைத்து ஜன்னலில் பொருத்துவார்கள். அந்தக் கால வீடுகளில் ஜன்னலுக்கு மேலே சுவரிலிருந்து துருத்திக்கொண்டு ஒரு கல் பட்டை ஓடுவதைப் பார்க்கலாம். நெற்றி வியர்வை கண்ணில் விழாமல் நம் புருவம் தடுக்கிறதே, அதே வேலைதான். மழைநீர் ஜன்னலில் இறங்காமல் பக்கத்தில் வழிந்துவிடும்.

ஆனாலும் கண்ணாடி இடுக்குகளில் குளிர்காற்று வந்துவிடும். அதற்காக உள்பக்கம் மரக்கதவு. இரவானால் சாத்திவிடுவார்கள். சுவருக்குச் சுண்ணாம்புப் பூச்சு. ஜன்னல் சின்னதாக இருப்பதால், வரும் கொஞ்ச வெளிச்சமும் வெள்ளைச் சுவரில் பட்டு அறை முழுக்கப் பரவும்.

மரக்கதவு, வெள்ளைச்சுவர். இரண்டையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆட்டுக்காரனாக முடியாத பையன்

நியூட்டனின் அப்பா பெயரும் ஐசக்தான். இருநூறுக்கும் மேற்பட்ட ஆடுகள், நாற்பதுக்கும் மேற்பட்ட மாடுகள் அவரிடம் இருந்தன. ஆனால் தன் பெயரை எழுதத் தெரியாது! மகன் பிறப்பதற்குச் சுமார் மூன்று மாதம் முன்பு அவர் இறந்துபோனார். 1642 டிசம்பர் 25 அன்று (அப்போதைய இங்கிலாந்து காலண்டர்படி) மாடி அறையில் குழந்தை பிறந்தது. குறைமாதக் குழந்தை. ஒரு லிட்டர் குவளைக்குள் வைத்துவிடலாம் போல அத்தனை சின்னதாக இருந்ததாம். மருந்து வாங்க அனுப்பப்பட்ட இரண்டு பெண்கள், 'திரும்பிப் போவதற்குள் குழந்தை இறந்திருக்கும்' என்று வழியிலேயே உட்கார்ந்துவிட்டார்களாம். பெரியவரான பிறகு நியூட்டனே இதைச் சொல்லியிருக்கிறார்.

பிழைத்த குழந்தைக்கு மூன்று வயதானபோது அம்மா ஹன்னா மறுமணம் செய்துகொண்டு பக்கத்து ஊருக்குப் போய்விட்டார். ஐசக்கை அழைத்துச் செல்லவில்லை. இந்தக் கல் வீட்டில் பாட்டியோடு விட்டுவிட்டார். கொஞ்ச தூரத்தில்தான் அம்மா இருக்கிறார், ஆனால் கூட இல்லை. பத்தொன்பது வயதில் நியூட்டன், தான் செய்த தவறுகளை எல்லாம் ஒரு நோட்டில் பட்டியல் போட்டார். அதில் ஒன்று, அம்மாவையும் மாற்றாந்தந்தையையும் அவர்கள் வீட்டோடு சேர்த்துக் கொளுத்திவிடுவேன் என்று மிரட்டியது. அந்தச் சிறுவன் எவ்வளவு அழுதிருப்பான்!

மாற்றாந்தந்தை இறந்த பிறகு, 1653-ல் அம்மா மூன்று குழந்தைகளுடன் திரும்பி வந்தார். ஐசக் பிறகு கிரந்தம் என்ற ஊரில் பள்ளிக்கூடம் போனான். பதினாறு வயதில் அம்மா கூப்பிட்டுவிட்டார். "படித்தது போதும், பண்ணையைப் பார்த்துக்கொள்" என்பதுதான் எண்ணம்.

பையன் எப்படிப் பார்த்துக்கொண்டான் என்பதற்கு எழுத்துச் சாட்சியே இருக்கிறது. 1659-ல் உள்ளூர் நீதிமன்றம் அவனுக்கு அபராதம் போட்டது. ஆடுகளை அடுத்தவர் நிலத்தில் விட்டதற்கு 3 ஷில்லிங் 4 பென்ஸ். பன்றிகள் பயிரை மேய்ந்ததற்கும் வேலியைச் சரியாக வைத்துக்கொள்ளாததற்கும் தனித்தனியே இன்னும் அபராதம்! ஆடு ஒரு பக்கம் போக, இவன் ஒரு பக்கம் புத்தகத்தோடு உட்கார்ந்திருப்பானாம். கடைசியில் தாய்மாமாவும் பள்ளி ஆசிரியரும் வந்து ஹன்னாவிடம் மன்றாடினார்கள். அவர்கள் மட்டும் வாய் திறக்காமல் இருந்திருந்தால் லிங்கன்ஷயருக்கு ஒரு மோசமான விவசாயி கிடைத்திருப்பார். அம்மா இறங்கி வந்தார். 1661-ல் ஐசக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார்.

இருட்டு அறை, வெள்ளைச் சுவர்

1665-ல் இங்கிலாந்தில் பிளேக் நோய் பரவியது. கொரோனா சமயத்தில் பள்ளிகளை மூடினார்களே, அதுபோலக் கேம்பிரிட்ஜையும் மூடிவிட்டார்கள். 22 வயது நியூட்டன் மூட்டையைக் கட்டிக்கொண்டு இந்தக் கல் வீட்டுக்கே திரும்பினார். நடுவில் சில மாதங்கள் தவிர, 1667 வரை இங்கேதான் இருந்தார்.

அவரிடம் முப்பட்டைக் கண்ணாடி இருந்தது. அதன் வழியாக வெளிச்சம் போனால் நிறங்கள் தெரியும் என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான். கண்ணாடிதான் வெள்ளை வெளிச்சத்துக்குச் சாயம் பூசுகிறது என்று பெரிய பெரிய அறிஞர்களே நம்பினார்கள். நியூட்டனுக்கு அது சரியாகப் படவில்லை. சோதித்துப் பார்க்க என்ன வேண்டும்? இருட்டான அறை வேண்டும். ஜன்னலின் மரக்கதவைச் சாத்தினார். தடித்த கல் சுவர் வழியாக ஒரு துளி வெளிச்சமும் வராது. கதவில் சின்ன ஓட்டை போட்டார். அதன் வழியே நூல் பிடித்தது போல ஒரே ஒரு சூரியக் கதிர் வந்தது. அதன் பாதையில் முப்பட்டைக் கண்ணாடியை வைத்தார்.

திரை வேண்டுமே? எதிரே சுண்ணாம்பு பூசிய வெள்ளைச் சுவர்!

ஓட்டை வட்டமாக இருந்தால் சுவரிலும் வட்டமாகத்தானே விழ வேண்டும்? விழவில்லை. அகலத்தைப் போல ஐந்து மடங்கு நீளமாக ஒரு நிறப் பட்டை விழுந்தது. கண்ணாடியிலிருந்து சுவர் 22 அடி தூரம் என்று அவரே எழுதி வைத்திருக்கிறார். இந்தத் தூரம் முக்கியம். சுவர் பக்கத்திலேயே இருந்தால் நிறங்கள் விரிய இடம் இருக்காது, எல்லாம் ஒன்றின் மேல் ஒன்று விழுந்து குழம்பிவிடும்.

அடுத்து ஒரு நிறத்தை மட்டும் இன்னொரு ஓட்டை வழியாக அனுப்பி, இரண்டாவது முப்பட்டைக் கண்ணாடியில் விழச்செய்தார். கண்ணாடிதான் சாயம் பூசுகிறது என்றால் இப்போது புதிய நிறங்கள் வர வேண்டும். வரவில்லை. சிவப்பு சிவப்பாகவே இருந்தது. ஆக, நிறங்கள் கண்ணாடியில் இல்லை, சூரிய ஒளிக்குள்ளேயேதான் இருக்கின்றன! 1672-ல் இதை அவர் கட்டுரையாக வெளியிட்டபோது பெரிய சண்டையே நடந்தது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். கேம்பிரிட்ஜில் தன் அறையிலும் நியூட்டன் இந்தச் சோதனைகளைச் செய்தார். எதை எங்கே முதலில் செய்தார் என்று ஆராய்ச்சியாளர்கள் இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். வாதாடட்டும்!

ஜன்னல் என்றதும் ஒரு வேடிக்கை ஞாபகம் வருகிறது. ஓரங்களைச் சுரண்டித் திருடப்பட்ட வெள்ளி நாணயங்களை மாற்றிப் புது நாணயம் அடிக்க, 1696-ல் இங்கிலாந்து அரசுக்குப் பணம் தேவைப்பட்டது. அதற்காக ஜன்னலுக்கு வரி போட்டார்கள்! பத்து ஜன்னலுக்கு மேல் இருந்தால் கூடுதல் வரி. பலர் ஜன்னலைச் செங்கல் வைத்து அடைத்துவிட்டு இருட்டில் உட்கார்ந்தார்கள். 1851 வரை இந்த வரி இருந்தது. அந்தப் புது நாணயங்கள் அடிக்கும் வேலையைப் பார்க்க, அதே 1696-ல் நாணயச் சாலைக்கு வந்த அதிகாரி யார் தெரியுமா? நம்ம நியூட்டனேதான்!

சுவரில் ஒளிந்திருந்த காற்றாலை

ஆப்பிள் மரத்தைப் பற்றிச் சொல்லவில்லையே என்று கேட்பீர்கள். அது இன்னும் இருக்கிறது, வீட்டின் தோட்டத்திலேயே! 1820-ல் புயலில் சாய்ந்தது. ஆனால் வேர் சாகவில்லை, மறுபடி துளிர்த்து வளர்ந்து காய்க்கிறது. தலையில் விழுந்தது என்பதெல்லாம் கட்டுக்கதை. விழுந்ததைப் பார்த்து யோசித்தேன் என்றுதான் அவர் சொன்னார்.

நியூட்டன் 1727-ல் இறந்த பிறகு வீடு கைமாறியது. பல தலைமுறைகள் விவசாயிகள் குடியிருந்தார்கள். அவர் பிறந்து 300 ஆண்டுகள் ஆன 1942-ல் ராயல் சொசைட்டி என்ற அறிவியல் சங்கமும் பில்கிரிம் அறக்கட்டளையும் சேர்ந்து வாங்கி, அடுத்த ஆண்டு நேஷனல் டிரஸ்ட் அமைப்பிடம் ஒப்படைத்தன. இன்று யார் வேண்டுமானாலும் டிக்கெட் எடுத்துப் பார்க்கலாம்.

நியூட்டனுக்குச் சின்ன வயதில் ஒரு பழக்கம், சுவரில் கிறுக்குவது! (உங்கள் அம்மாவிடம் இதைக் காட்டாதீர்கள்.) கிரந்தத்தில் தங்கிப் படித்த வீட்டின் சுவரெல்லாம் கரித்துண்டால் படம் போட்டானாம். பள்ளிக்கூட ஜன்னல் கல்லில் அவன் பெயர் செதுக்கப்பட்டிருப்பது இன்றும் தெரிகிறது. உல்ஸ்தார்ப் வீட்டிலும் 1920-களிலும் 30-களிலும், குடியிருந்தவர்கள் சுவரில் ஒட்டியிருந்த பழைய காகிதங்களை உரித்தபோது அடியில் கிறுக்கல்கள் தெரிந்தன. வேறு ஏதாவது ஒளிந்திருக்குமா?

2017-ல் நாட்டிங்ஹாம் டிரென்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர் ஒருவர் கேமராவும் விளக்குமாக வந்தார். சுவரை உரிக்கவில்லை, சுரண்டவில்லை. விளக்கை வெவ்வேறு கோணங்களில் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டே போனார். அந்தப் படங்களை எல்லாம் கம்ப்யூட்டரில் ஒன்றுசேர்த்தார். கணப்பு அடுப்புக்குப் பக்கத்துச் சுவரில், கண்ணுக்குத் தெரியாத மெல்லிய கீறல்கள் சேர்ந்து ஒரு படமாக எழுந்தன. அது ஒரு காற்றாலை!

நியூட்டன் சிறுவனாக இருந்தபோது கிரந்தத்துக்குப் பக்கத்தில் ஒரு காற்றாலை கட்டினார்கள். அவன் தினமும் போய் வேடிக்கை பார்த்து, அதேபோல ஒரு பொம்மை ஆலை செய்தான். அதைச் சுற்ற வைக்க ஒரு எலியைப் பிடித்து உள்ளே விட்டு, அதற்கு 'மாவு மில்காரர்' என்று பெயரும் வைத்தான். சுவரில் இருப்பதும் அவன் வரைந்ததாகத்தான் இருக்கும் என்று கருதுகிறார்கள்.

இந்த வித்தையை நீங்களும் செய்யலாம். இரவில் விளக்கை அணைத்துவிட்டு, டார்ச்சைச் சுவருக்கு நேராகப் பிடிக்காமல், சுவரோடு ஒட்டி ஓரத்திலிருந்து சாய்வாக அடியுங்கள். மேடுகளின் நிழல் நீளமாக விழும். பகலில் வழவழப்பாகத் தெரிந்த சுவரில் கொத்தனார் கரண்டியின் தடம், எப்போதோ ஆணி அடித்து மூடிய இடம், நீங்கள் மூன்று வயதில் கிறுக்கி அதன் மேல் பெயின்ட் அடித்த கோடு என்று ஒவ்வொன்றாக எழுந்து வரும். என்ன தெரிந்தது என்று ஒரு தாளில் அப்படியே வரைந்து வையுங்கள்!